வாட்டர் ஹீட்டர் கெடப்போவதைக் காட்டும் அறிகுறிகள்

வாட்டர் ஹீட்டர் ஒரே நாளில் கெட்டுப்போவது அரிது. பல வாரங்களுக்கு முன்பிருந்தே ஏதாவது ஒரு விதத்தில் அது காட்டிக்கொண்டுதான் இருக்கும். வெந்நீர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீரும். உள்ளே லேசாகக் கரகரக்கும். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கி நிற்கும். நாம்தான் அதற்குப் பழகிப்போகிறோம். முன்பு கால் மணி நேரம் முன்னால் சுவிட்சைப் போட்ட வீட்டில் இப்போது அரை மணி நேரம் முன்னால் போடுகிறார்கள்; ஏன் என்று யாரும் யோசிப்பதில்லை.

இந்த அறிகுறிகளில் சில, ஒரு சின்ன உதிரி பாகத்தை மாற்றினால் சரியாகிவிடும். சில, ஹீட்டரின் ஆயுள் முடிந்துவிட்டதைச் சொல்கின்றன. இன்னும் சில, அந்த நிமிடமே மின்சாரத்தை நிறுத்தச் சொல்கின்றன. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கும் அளவுக்குத் தெரிந்தால் வீட்டில் இருப்பவருக்குப் போதும். திறந்து பார்ப்பது எலக்ட்ரீஷியன், பிளம்பர் வேலை. அறிகுறிகளை வகை பிரிக்க வேண்டுமானால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

உள்ளே இருப்பவை

பரவலாக இருப்பது, தண்ணீரைத் தேக்கிவைத்துச் சூடாக்கும் மின் ஹீட்டர். கீசர் என்று சொல்வது இதைத்தான். வெளியே தெரிவது உறை மட்டுமே. அதற்குள் வெப்பம் வெளியேறாமல் காக்கும் நுரை, அதற்கும் உள்ளே தொட்டி. தொட்டி பெரும்பாலும் உட்புறம் எனாமல் பூசிய எஃகாக இருக்கும். துருப்பிடிக்காத எஃகிலும் செம்பிலும்கூடச் செய்கிறார்கள். குளிர்ந்த தண்ணீர் தொட்டியின் அடிப்பகுதியில் வந்து சேரும். சூடான தண்ணீருக்கு அடர்த்தி குறைவு என்பதால் அது மேலே ஏறி நிற்கும். மேலிருந்துதான் குழாய்க்குப் போகும்.

தண்ணீரைச் சூடாக்குவது காயில். ஓர் உலோகக் குழாய்க்குள் நிக்ரோம் கம்பி ஓடும். கம்பி குழாயைத் தொடாதபடி இடையில் மக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும். கம்பியில் ஓடும் மின்சாரத்தைத் தண்ணீரிடமிருந்து பிரித்து வைப்பது அந்த உலோகக் குழாயும் தூளும்தான். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வைத்த அளவுக்குச் சூடு வந்ததும் காயிலை நிறுத்துவது தெர்மோஸ்டாட். அது நிறுத்தத் தவறினால் மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு கட்-அவுட் இருக்கும். இரண்டும் தவறி உள்ளே அழுத்தம் ஏறினால் அதை வெளியே விடுவது சேஃப்டி வால்வு. இவை போக, பலரும் கேள்விப்படாத ஒரு பொருள் உள்ளே உண்டு: ஆனோடு ராடு. மக்னீசியத்திலோ அலுமினியத்திலோ செய்த ஒரு கம்பி அது. தொட்டியின் எஃகு அரிக்கப்படுவதற்கு முன்னால் தான் கரைந்துபோவதே அதன் வேலை. அது முழுதாகக் கரைந்த பிறகு எனாமலில் எங்கெங்கு நுண்ணிய விரிசல் இருக்கிறதோ, அங்கெல்லாம் தொட்டி துருப்பிடிக்கத் தொடங்கும். தொட்டியின் ஆயுளைப் பெருமளவு தீர்மானிக்கும் இந்தக் கம்பியை, வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடப் பார்க்காத வீடுகள்தான் அதிகம். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

சூடு குறைவது, நேரம் கூடுவது

ஒரு ஹீட்டர் எவ்வளவு நேரத்தில் தண்ணீரைச் சூடாக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக 1,890 கிலோஜூல். 2,000 வாட் காயில் நொடிக்கு 2 கிலோஜூல் தரும். ஆக 16 நிமிடம். 25 லிட்டர் தொட்டியென்றால் அதே காயிலுக்கு 26 நிமிடம். உங்கள் ஹீட்டரின் லிட்டரும் வாட்டும் உறையில் ஒட்டிய தாளில் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறகு ஒருநாள், தொட்டி முழுக்கக் குளிர்ந்த தண்ணீராக இருக்கும்போது சுவிட்சைப் போட்டு, விளக்கு அணையும் வரை எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். குளிர் காலத்தில் உள்ளே வரும் தண்ணீரே குளிர்ந்திருப்பதால் நேரம் கூடத்தான் செய்யும். அது பழுது இல்லை. வோல்டேஜ் குறைவும் நாம் நினைப்பதைவிட அதிகம் பாதிக்கும். 230 வோல்ட்டில் 2,000 வாட் தரும் காயில், 200 வோல்ட்டில் சுமார் 1,500 வாட்தான் தரும்.

உப்பு படிந்துவிட்டால் தண்ணீர் சூடாக நேரமாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மின் ஹீட்டரைப் பொறுத்தவரை அது பாதிதான் சரி. காயில் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. அது தரும் வெப்பம் தண்ணீரைத் தவிர வேறெங்கும் போக வழியில்லை. உண்மையில் நடப்பது வேறு. கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது கால்சியம் கார்பனேட்டாக மாறிக் காயிலின் மேலேயே படிகிறது. 60 டிகிரியைத் தாண்டினால் இது வேகமாகும். படிவு கனத்தால் காயிலின் வெப்பம் எளிதில் வெளியேறாது. காயில் தானே அளவுக்கு மீறிச் சூடாகும், ஒருநாள் அதன் உலோகக் குழாய் வெடிக்கும். காயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் தெர்மோஸ்டாட் குழாயையும் படிவு சூழ்ந்துகொண்டால், தண்ணீர் முழுக்கச் சூடாவதற்கு முன்பே அதற்குச் சூடு தெரிந்துவிடும்; காயிலை நிறுத்திவிடும். விளக்கு சீக்கிரமே அணைகிறது, தண்ணீரோ வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்றால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம். தெர்மோஸ்டாட்டே பழுதானாலும் இதே அறிகுறிதான்.

முதலில் நல்ல சூடாக வந்து, சட்டென்று குளிர்ந்துவிடுவது இன்னொரு வகை. தொட்டிக்குள் படிவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். குளிர்ந்த தண்ணீரை அடிக்குக் கொண்டுபோகும் உள்குழாய் உடைந்து, மேலே இருக்கும் வெந்நீரிலேயே கலந்துகொண்டிருக்கலாம். மேலும் கீழும் இரண்டு காயில் உள்ள பெரிய ஹீட்டராக இருந்தால், கீழ்க் காயில் போயிருக்கலாம். சூடே வரவில்லை, ஆனால் மின்சாரம் வருகிறது என்றால் காயில் கம்பி அறுந்திருக்கும், இல்லையென்றால் கட்-அவுட் துண்டித்திருக்கும். எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரை வைத்தால் நொடியில் தெரிந்துவிடும்: 230 வோல்ட்டுக்கான நல்ல 2,000 வாட் காயில் 26 ஓம் அளவில் காட்டும், அறுந்த காயில் ஒன்றும் காட்டாது.

இவை எல்லாமே மாற்றக்கூடிய பாகங்கள். புது ஹீட்டருக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வெந்நீரும் தண்ணீரும் கலந்து வரும் மிக்சர் குழாயின் உள்பாகம் தேய்ந்தால், குளிர்ந்த தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்துவிடும். ஹீட்டர் நன்றாக இருந்தும் பழி அதன்மேல் விழும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஹீட்டருக்குத் தண்ணீர் போகும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறங்கள். சிறிது நேரத்தில் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் எங்கோ கலக்கிறது. சோதித்து முடித்ததும் வால்வைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். தண்ணீர் இல்லாத தொட்டியில் காயில் சில நிமிடங்கள்கூடத் தாங்காது.

சத்தம்

சூடேறும்போது உலோகம் விரிவதால் டிக் டிக்கென்று சில சத்தங்கள் வரும், அது இயல்பு. குழாயைச் சட்டென்று மூடும்போது சுவருக்குள் தட் என்று கேட்டால், அது குழாயில் ஓடிவந்த தண்ணீர் திடீரென நின்றதன் அதிர்வு, ஹீட்டருக்குச் சம்பந்தமில்லை. கவனிக்க வேண்டியது, சுவிட்சைப் போட்டபின் போகப்போகக் கூடும் கரகரப்பும் பட்பட்டென்று வெடிப்பதுபோன்ற ஒலியும். படிவுக்கும் காயிலுக்கும் இடையில் சிக்கிய தண்ணீர் அங்கேயே கொதித்து நீராவியாகி, குமிழ்கள் வெளியே வந்து குளிர்ந்த தண்ணீரில் பட்டு நசுங்கும் சத்தம் அது. இந்தக் கட்டத்தில் காயிலைக் கழற்றித் தொட்டியைச் சுத்தம் செய்தால் ஹீட்டர் பல ஆண்டுகள் உழைக்கும். சத்தத்துக்குப் பழகி விட்டுவிட்டால் அடுத்தது காயில் வெடிப்பதுதான்.

வெந்நீர்க் குழாயில் மட்டும் தண்ணீர் மெல்லிதாக வந்து, பக்கத்துக் குழாயில் வேகமாக வருகிறதென்றால் அதற்கும் பெரும்பாலும் படிவே காரணம். ஹீட்டருக்குப் போகும், வரும் வழிகள் அடைபட்டிருக்கும்.

நிறமும் வாடையும்

வெந்நீர் பழுப்பாக வந்தால் உடனே ஹீட்டர் துருப்பிடித்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். இரண்டு வெள்ளைப் பாத்திரங்களை எடுத்து, ஒன்றில் குளிர்ந்த தண்ணீரையும் ஒன்றில் வெந்நீரையும் பிடித்துப் பாருங்கள். இரண்டும் பழுப்பென்றால் கோளாறு தண்ணீர் வரும் வழியில். வெந்நீர் மட்டும் பழுப்பென்றால், சில வாளிகள் திறந்துவிட்ட பிறகும் தெளியவில்லையென்றால், ஆனோடு ராடு தீர்ந்து தொட்டி அரிக்கத் தொடங்கியிருக்கிறது. அரிப்பு ஆரம்பத்தில் இருந்தால் புது ராடு போட்டு வேகத்தைக் குறைக்கலாம். போன எஃகு திரும்ப வராது. வெள்ளை மணல்போல ஏதாவது வந்தால் அது உப்புப் படிவின் துகள்.

வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை வாடை வந்தால் தொட்டி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. சல்பேட்டை உண்டு வாழும் ஒருவகை பாக்டீரியா உள்ளே வளர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்குகிறது. மக்னீசியம் ராடு அதற்குத் துணைபோகிறது. துத்தநாகம் கலந்த அலுமினிய ராடுக்கு மாற்றினால் பெரும்பாலும் வாடை போய்விடும். மின்சாரத்தை மிச்சப்படுத்த என்று தொட்டியை எப்போதும் 40 டிகிரியில் வைத்திருப்பதும் நல்லதல்ல. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தேங்கிய தண்ணீரில் வளரும். அதனால்தான் தொட்டியில் 60 டிகிரி வைக்கச் சொல்கிறார்கள். அந்தச் சூட்டில் சில நொடிகளிலேயே தோல் வெந்துவிடும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். குளிர்ந்த தண்ணீரைக் கலந்தே பயன்படுத்த வேண்டும்.

அடியில் ஈரம்

ஒழுக்கு என்றதும் எல்லோரும் பயப்படுவார்கள், ஆனால் எங்கிருந்து ஒழுகுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு துணியால் எல்லா இடத்தையும் துடைத்துவிட்டு, முதல் ஈரம் எங்கே தோன்றுகிறது என்று பாருங்கள்.

குழாய் இணைப்புகளில் என்றால் வாஷரை மாற்றினால் போதும். காயில் பொருத்தியிருக்கும் வட்டத் தகட்டைச் சுற்றி என்றால் அங்குள்ள ரப்பர் தேய்ந்திருக்கிறது, அதுவும் மாற்றக்கூடியது. ஆனால் அதே இடத்தில்தான் மின் இணைப்புகளும் இருக்கின்றன, எனவே தள்ளிப்போடக் கூடாது.

சேஃப்டி வால்விலிருந்து சொட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மிகவும் ஆபத்தான தவறு இங்கேதான் நடக்கிறது. தண்ணீர் சூடானால் விரியும். 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குப் போகும்போது கிட்டத்தட்ட 400 மில்லி கூடுகிறது. பின்னால் திரும்பிப் போகாதபடி தடுப்பு வால்வு இருக்கும் ஹீட்டரில், அந்தக் கூடுதல் தண்ணீருக்குப் போக இடமில்லை. சேஃப்டி வால்வு வழியாகச் சொட்டும். சூடாகும்போது மட்டும் சொட்டி, பிறகு நின்றால் வால்வு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று பொருள். எந்நேரமும் ஒழுகினால் வால்வு தேய்ந்திருக்கும், இல்லையென்றால் குழாயில் வரும் அழுத்தமே அதிகம். எப்படியிருந்தாலும் சொட்டுவதை நிறுத்த அந்த வாயில் மூடியைத் திருகி அடைத்துவிடக் கூடாது. கட்டை, துணி, டேப் எதுவும் கூடாது. தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் தவறிய நாளில் அந்தத் துளை ஒன்றுதான் வழி. தண்ணீர் நீராவியாக மாறினால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். தொட்டியால் அதைத் தாங்க முடியாது.

இணைப்புகள் எல்லாம் உலர்ந்திருக்க, உறையின் அடி விளிம்பிலிருந்து துருக் கலந்த தண்ணீர் வருகிறதென்றால் தொட்டியே ஓட்டையாகிவிட்டது. இதற்கு மட்டும் மருந்து கிடையாது. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தச் சூட்டில் சுற்றியுள்ள எனாமல் பூச்சு உதிர்ந்து, பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும். மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டுப் புது ஹீட்டர் பார்க்க வேண்டியதுதான்.

உடனே நிறுத்த வேண்டியவை

குழாயைத் தொட்டால் சுரீரென்கிறது என்றால், லேசாகத்தான் இருக்கிறது என்று குளித்து முடிக்கக் கூடாது. காயிலின் உலோகக் குழாய் வெடித்து, உள்ளே தண்ணீர் புகுந்து, மின்சாரம் தண்ணீருக்கு வந்துவிட்டது. எர்த் நன்றாக இருந்தால் அந்தக் கசிவு எர்த் வழியே போயிருக்கும். கசிவைக் கண்டறியும் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதுவும் விழுந்திருக்கும். உங்களுக்கு ஷாக் அடிக்கிறதென்றால் பெரும்பாலும் காயில், எர்த் என இரண்டும் ஒரே நேரத்தில் பழுதாகியிருக்கின்றன. ஓடும் குழாயை மூடக்கூடத் தொடாமல் வெளியே வந்து, ஈரமில்லாத கையால் மெயினை அணையுங்கள். எர்த்தையும் சேர்த்துச் சரிபார்க்காமல் காயிலை மட்டும் மாற்றிக்கொள்வது பாதி வேலை.

ஹீட்டரைப் போட்டாலே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விழுகிறதென்றால் அதே கசிவின் முதல் கட்டம் என்று எண்ணுங்கள். அது தொந்தரவு தருகிறதென்று கழற்றிவிட்டு நேராக இணைக்கச் சொல்பவர்கள் உண்டு. உயிரைக் காக்கும் ஒரே பொருளை எடுத்துவிடுவது அது. மின்னோட்டம் எல்லை மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி. விழுந்தால் ஷார்ட் அல்லது அளவுக்கு மீறிய மின்னோட்டம். பிளக் சூடாகிறது, பழுத்து நிறம் மாறுகிறது, கருகல் வாடை வருகிறது என்றால் இணைப்பு தளர்ந்திருக்கிறது. 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த இணைப்பில் அது தீயாக மாறப் போதும்.

வெந்நீர்க் குழாயைத் திறந்தால் தண்ணீரோடு ஆவியும் சீறி வருகிறதென்றால் தெர்மோஸ்டாட் நிறுத்தத் தவறிவிட்டது. மெயினை அணைத்துவிட்டு அந்த அறையை விட்டு வாருங்கள். தண்ணீர் வால்வை மூடாதீர்கள், ஹீட்டரில் எதையும் திருகாதீர்கள். பல மணி நேரம் ஆறிய பிறகே யாரும் அதைத் தொட வேண்டும். கட்-அவுட் அடிக்கடி விழுந்தாலும் காரணம் பெரும்பாலும் இதுவே. அதைத் திரும்பத் திரும்ப அழுத்திவிட்டு ஓட்டினால், ஒருநாள் அதுவும் கைவிடும்.

கேஸ் ஹீட்டர் என்றால்

கேஸில் ஓடும் ஹீட்டரில் முதலில் பார்க்க வேண்டியது தீயின் நிறம். நீலமாக, நிலையாக எரிய வேண்டும். மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ ஆடி எரிந்தால், மேலே கரி படிந்தால், கேஸ் முழுதாக எரியவில்லை. அப்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டுவதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். குளிக்கும்போது தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்து, வெளியே வந்ததும் குறைகிறதென்றால் உடம்பைக் குறை சொல்வதற்கு முன் ஹீட்டரைச் சந்தேகியுங்கள். கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே அழைத்து வந்துவிட்டு, மருத்துவரைப் பாருங்கள். சரிபார்க்கும் வரை அந்த ஹீட்டரை ஏற்றவே கூடாது. புகை வெளியேறும் குழாய் இல்லாத கேஸ் ஹீட்டர், மூடிய குளியலறைக்குள் எந்த நிலையிலும் இருக்கக் கூடாது.

கேஸ் வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். கேஸை மூடிவிட்டு வெளியேறுங்கள். பைலட் தீ, அதாவது பெரிய தீயைப் பற்றவைக்கும் சின்னத் தீ, அடிக்கடி அணைவது, பற்றவைக்கத் திணறுவது போன்றவை பெரும்பாலும் தெர்மோகப்பிள் (தீ எரிகிறதா என்று உணரும் பாகம்), பேட்டரி போன்ற சின்னப் பாகங்களின் கோளாறு.

பழுது பார்ப்பதா, மாற்றுவதா

தேக்கி வைக்கும் ஹீட்டர் பொதுவாக 8 முதல் 12 ஆண்டு உழைக்கும். தண்ணீர் கடினமாக இருந்தால் குறையும். ஆனோடு ராடைப் பார்த்து மாற்றினால் கூடும். தயாரித்த மாதமும் ஆண்டும் உறைத் தாளிலேயே இருக்கும். காயில், தெர்மோஸ்டாட், வால்வு, ரப்பர் என்றால் ஐந்து வயது ஹீட்டருக்குத் தயங்காமல் மாற்றலாம். பத்து வயதைத் தாண்டியதற்குக் காயிலை மாற்றுவதற்கு முன், கழற்றிய துளை வழியே டார்ச் அடித்துத் தொட்டியின் உட்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். எனாமல் வழுவழுப்பாக இருந்தால் செலவு செய்யலாம். செம்பழுப்புக் கோடுகளும் கொப்புளங்களும் தெரிந்தால் அந்தப் பணத்தைப் புது ஹீட்டருக்கு வையுங்கள்.

காயிலைக் கழற்றும் அன்றே ஆனோடு ராடையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல மாடல்களில் இரண்டும் ஒரே தகட்டில்தான் இருக்கும். பாதிக்கு மேல் கரைந்திருந்தால், நடுக்கம்பி வெளியே தெரிந்தால், புதியதைப் போட்டே மூடச் சொல்லுங்கள். மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் ஹீட்டரின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதி வைத்தால், அடுத்து எப்போது திறக்க வேண்டும் என்பது வீட்டில் யார் பார்த்தாலும் தெரியும்.